திரும்பி வராத சரக்கு

9 ஜனவரி

அன்புள்ள சித்திக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு வரி எழுதாதவள், காரியம் என்றதும் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைப்பது சரிதான். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் பட்டறைக்குப் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது அம்மா ஸ்பீக்கரைப் போட்டு எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துவிடுகிறாள். அத்தனை பேர் நடுவில் என் வாயிலிருந்து "ம்" தவிர வேறொன்றும் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெல்டிங் பொறி பட்ட அப்பாவின் கண் ஆறிவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது என்று அம்மா கேட்கிறாள்.

விஷயம் இதுதான். கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கிறது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் சொந்தக் கணினியில் நான்கு வரைபடம் போட்டு அனுப்ப வேண்டும். அவர்களுடைய மென்பொருள் சாதாரணக் கணினியில் திறக்கவே திறக்காது. தயாராகக் கட்டி விற்பது நமக்குக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்திக்கொண்டால் முடியும் என்கிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறீர்கள். எதை வாங்குவது என்று சொன்னால் போதும்.

நம் வீட்டின் முதல் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எட்டு மாதமாக அதன் கீழே உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறேன்.

முடியாவிட்டால் முடியாது என்று எழுதிவிடுங்கள். தவறாக நினைக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்


22 ஜனவரி

என் ஊமைக்கோட்டானுக்கு,

நான் சுகம். முழங்கால் அதுபாட்டுக்கு வலிக்குது, அதுக்கு வேற வேலை இல்ல. உக்காந்தா முழங்கால் வலிக்காதுன்னு எந்த டாக்டர் சொன்னான்னு அக்காகிட்ட கேளு.

ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கியே, காகிதத்துலயாவது வாயைத் திறந்தியே. உன் கடிதத்தை ஹாஸ்டல் அறையில நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். எங்க அக்கா பொண்ணு, கட்டடம் வரையறவன்னு சொன்னேன்.

சித்தியைக் கேக்காம வேற யாரைக் கேப்ப? எதை வாங்கறதுன்னு நீ மண்டையை உடைச்சுக்காத. பதினோரு வருஷமா இந்தச் சாமான் எல்லாம் என் கைவழியாத்தான் போகுது. விளம்பரத்தைப் பாக்காத, கடைக்காரன் வாயைப் பாக்காத. எது வெளிய போயி திரும்பி வரவே இல்லையோ, அதுதான் நல்ல சரக்கு. இங்க பின்னாடி ஒரு நீள அடுக்கு இருக்கு, திரும்பி வந்ததை எல்லாம் அதுலதான் வைப்பாங்க. அந்த அடுக்குல ஒருநாளும் ஏறாத சாமானாப் பாத்து அனுப்பறேன். ஊழியருக்குச் சலுகையில ஒரு தடவைக்கு ஒண்ணு ரெண்டுதான் தருவாங்க. அதனால ஒண்ணொண்ணா வரும். பொறு.

வேளைக்குச் சாப்பிடு. காத்துல பறக்கற மாதிரி இருந்துட்டு கட்டடம் வரையப் போறேன்னா யார் நம்புவாங்க.

சித்தி


18 பிப்ரவரி

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் தெரிய ஆவல்.

ப்ராசஸரும் மதர்போர்டும் வந்து சேர்ந்தன. பார்சல்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவு நம்பர் ஏழா, வேற ஏதாவதா? நடுவுல ஏன் கோடு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். எங்கள் சித்தி ஏழை அப்படித்தான் எழுதுவார் என்று சொன்னேன். அந்நிய மனிதரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார்கள். டேப்பின் நுனியை மடித்து விட்டிருந்ததால் கத்தரிக்கோலே தேவைப்படவில்லை. உங்கள் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவர் யாரோ, நல்ல மனம் உள்ளவர்.

ஒரு சின்ன சந்தேகம். ப்ராசஸரைப் போர்டில் இருக்கும் சதுரக் குழியில் உட்கார வைக்க வேண்டும். ப்ராசஸரின் அடியில் நூற்றுக்கணக்கில் ஊசிகள் இருக்கின்றன. போர்டின் குழியிலும் ஊசிகள் இருக்கின்றன. துளை எங்கேயும் இல்லை. ஊசிமேல் ஊசி எப்படி உட்காரும்? ஒருவேளை நான்தான் புரிந்துகொள்ளவில்லையோ என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் ஒரே வகைதானா என்று உங்கள் இடத்தில் யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா? அவசரம் இல்லை. கொஞ்சம் அவசரம்தான்.

அன்புடன்,
அக்கா மகள்


4 மார்ச்

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு. கட்டினவங்களைப் பத்தி எழுதியிருந்த. சொல்லிடறேன்.

ரெண்டும் முதல் தரம். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல, நானே அடுக்குல போய்ப் பாத்துட்டேன். புதுசு எல்லாம் முதல்ல முரண்டு பிடிக்கும். புதுச் செருப்பு கடிக்கலையா? கொஞ்சம் அழுத்திப் பாரு, உக்காந்துடும். நீ எதையும் பூ மாதிரி தொடற ஆளு, அதான் பிரச்சினை.

ரேமும் கேபினெட்டும் இதோட வருது. கேபினெட் பாத்தா அசந்துடுவ. சின்னதா, அடக்கமா, உன்னை மாதிரியே. இருக்கறதுலயே அதுதான் அதிகமாப் போகுது.

அக்காவுக்கு முதுகுவலி தைலம் வெச்சிருக்கேன். பெட்டியில பஞ்சு மாதிரி இருக்கறதுக்கு அடியில தேடு.

சித்தி


23 மார்ச்

அன்புள்ள சித்திக்கு,

தைலம் கிடைத்தது. அம்மா அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறாள், தீர்ந்துவிடுமாம்.

நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் ஊசிகள் மடங்கி இரண்டும் குப்பைக்குப் போயிருக்கும். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேமும் உட்காரவில்லை. அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. போர்டில் அந்த வெட்டுக்குள் நுழைய ஒரு மேடு இருக்கிறது. மேடு ஒரு பக்கம், வெட்டு கொஞ்சம் தள்ளி. நகக்கண் அளவுதான் வித்தியாசம். அந்த நகக்கண்ணால் எல்லாமே நிற்கிறது.

கடைசியில் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு சந்தைத் தெருவில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்ற பிறகுதான் உள்ளே போக முடிந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "யாரும்மா வாங்கினது? ஒவ்வொண்ணும் ராஜா மாதிரி இருக்கு. ஆனா ஒரே வீட்ல குடியிருக்காதுங்க." அப்புறம் சிரித்துக்கொண்டே, "பெட்டியைப் பாத்து வாங்கியிருக்காங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சித்தி இதே துறையில் பதினோரு வருஷமாக இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன், பாகங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கடை எப்போ திறப்பு விழா?" என்கிறார். அத்தனை பெட்டி சேர்ந்துவிட்டது.

சித்தி, உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரிடமாவது தயவுசெய்து கேளுங்கள். போர்டின் வகை என்ன, ப்ராசஸரின் வகை என்ன என்று இரண்டு வரி போதும். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அக்கா மகள்


5 ஏப்ரல்

கண்ணு,

சந்தைத் தெரு ரிப்பேர்க்காரன் சொன்னா நான் கேக்கணுமா? அவன் கடைக்குச் சாமான் எங்கேருந்து போகுதுன்னு கேளு. பெட்டியைப் பாத்து வாங்கினாங்களாம். பெட்டியில இல்லாததா அவன் கண்டுட்டான்.

இங்க இன்ஜினியரைக் கேட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டார். சேரச் சேரச் சரியாயிடும்னார்.

கிராபிக்ஸ் கார்டு அனுப்பியிருக்கேன். இருக்கறதுலயே பெரிய பெட்டி. அதைத் தூக்கி வெச்சப்போ பக்கத்துல இருந்தவ கேட்டா, "யாருக்குடி இது, கல்யாணச் சீரா?"ன்னு. ஆமான்னேன்.

பவர் சப்ளை அடுத்த வாரம் கிளம்பிடும். மனசைத் தளரவிடாத. அக்காவையும் மாமாவையும் கேட்டதாச் சொல்லு.

சித்தி


19 ஏப்ரல்

சித்திக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் போகவில்லை. ஹார்ட் டிஸ்க் வைக்கும் இரும்புக் கூடு குறுக்கே நிற்கிறது. இரண்டு விரல் நீளம் அதிகம். சின்னதாக, அடக்கமாக இருக்கும் கேபினெட்டை வாங்கிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கார்டை யாராவது வாங்குவார்களா? சேரச் சேரச் சரியாகிவிடும் என்று எந்த இன்ஜினியர் சொன்னார்? இரும்பு சேரச் சேரக் குறையுமா?

நிறுவனத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா ஜூன் முப்பது வரை தவணை கொடுத்திருக்கிறார். "இதுக்கு மேல கேக்காதீங்க, அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுததை ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "பிஸ்கட் கிடங்குல ஆள் கேக்கறாங்க. பெட்டி கட்டற வேலைதான். ஜூலையில இருந்து நீ வருவேன்னு சொல்லிடவா?" என்றார். இதற்கா நான்கு வருஷம் படித்தேன்? பெட்டி கட்டுவதற்கு மூளை வேண்டாம், இரண்டு கை இருந்தால் போதும். அந்த மேசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இனி எதையும் அனுப்ப வேண்டாம். உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று முதலிலேயே எழுதியிருக்கலாம்.

எல்லோரும் நலம்.


24 மே

அன்புள்ள சித்திக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். உங்களுக்கு நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. முழங்கால் எப்படி இருக்கிறது?

என் கடிதம் கிடைப்பதற்கு முன்பே நீங்கள் அனுப்பிய பவர் சப்ளை ஏப்ரல் கடைசியில் வந்தது. கனமான பொருள். ஆனால் பெட்டிக்குள் துளிகூட ஆடவில்லை. நான்கு மூலையிலும் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பஞ்சுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. பொருளின் எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள். அதில் மூன்று ஏழுகள். மூன்றுக்கும் நடுவில் சின்னக் கோடு. கீழே, "கட்டியவர்: மேசை 14."

அந்தச் சீட்டை என் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

போன கடிதத்தில் ஒரு வரி எழுதினேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. முடியும் என்றால் அன்றைக்கே ஓடிப்போய்த் தபால் பெட்டிக்குள் கையை விட்டிருப்பேன்.

இப்போது ஒரு காரியம். நூலகத்தில் ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் கணினி தருகிறார்கள். ஆறு நாள் போய்ப் படித்தேன். ப்ராசஸரும் ரேமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற வகைதான். போர்டு மட்டும்தான் வேறு வகை. அதை மாற்றினால் இரண்டும் உட்கார்ந்துவிடும். இத்தனை நாள் நான் உங்களிடம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எது நல்லது என்று கேட்டேன். எது எதோடு சேரும் என்று கேட்கவில்லை. அது வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும், சித்தி. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

தனித்தாளில் அந்த லேபிளை அப்படியே வரைந்திருக்கிறேன். வரைபடம் போடுவதுதானே என் வேலை. சிவப்பில் வட்டமிட்ட மூன்று எழுத்தும் அதே வரிசையில் இருக்க வேண்டும். ரேம் வகைக்கு நேரே நீல வட்டத்தில் உள்ள எண் இருக்க வேண்டும். போர்டின் பக்க அளவு இருபத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எழுத்து, எண், அளவு மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய போர்டை இன்று திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் கட்டியது போலவே கட்டப் பார்த்தேன். மூன்று தடவை பிரித்துக் கட்டியும் மூலை ஆடுகிறது.

உங்கள்,
ஊமைக்கோட்டான்


8 ஜூன்

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் எடுத்துப் பாக்காம வெச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி வந்ததைப் படிச்சதுக்கப்புறம் உறையைப் பாத்தாலே பயமா இருந்துச்சு.

சீட்டு போடறது கைப்பழக்கம். மத்த பெட்டியில எல்லாம் ஞாபகமா எடுத்துட்டேன். அன்னைக்கு வேலை நேரம் முடியற அவசரம், கை அதுவாப் போட்டுடுச்சு. இன்ஜினியரைக் கேட்டேன்னு எழுதினது பொய். மார்ச்சுல ஒரு தடவை கேக்கப் போனேன். "நீ ஒட்டறதை ஒட்டும்மா"ன்னார். அதுக்கப்புறம் போகல.

நாங்க பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தா அன்னைக்கே வேலை போயிடும். பதினோரு வருஷத்துல ஒரு மதர்போர்டு எப்படி இருக்கும்னு நான் கண்ணால பாத்ததில்ல. கனத்தை வெச்சுச் சொல்லுவேன், குலுக்கினா வர்ற சத்தத்தை வெச்சுச் சொல்லுவேன். ஊசிமேல ஊசின்னு நீ எழுதினப்போ எனக்கு ஒண்ணும் புரியல. புரியலன்னு எழுத மனசு வரல. வீட்ல நான் கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்லி வெச்சது, அது அப்படியே வளந்துடுச்சு.

உன் தாளை மேசைமேல ஒட்டி வெச்சுக்கிட்டேன். சாப்பாட்டு நேரத்துல நாலு நாள் அடுக்கு அடுக்காப் போய்ப் படிச்சேன். நாப்பத்தி ஒண்ணாவது பெட்டியில மூணும் இருந்துச்சு. மூணு தடவை சரிபாத்துட்டேன். பக்கத்து மேசைக்காரியையும் வாசிக்கச் சொன்னேன். அனுப்பியாச்சு.

நீ திருப்பி அனுப்பின போர்டு அந்த நீள அடுக்குல மேசை பதினாலுன்னு எழுதி நிக்குது. என் மேசையிலேருந்து போனது எதுவும் திரும்பி வந்ததில்ல, இதுதான் முதல். மேஸ்திரி வந்து பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போனார். போகட்டும்.

அக்காகிட்ட சொல்லாத.

சித்தி


5 ஜூலை

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவிடம் சொல்லவில்லை.

போர்டு ஜூன் பதினைந்தாம் தேதி வந்தது. ப்ராசஸரைக் குழிமேல் வைத்தேன். அழுத்தவே இல்லை. தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிட்டது. ரேமுக்கு மட்டும் அழுத்தம் தேவைப்பட்டது. "டக்" என்று ஒரு சத்தம். ஆறு மாதமாக அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கார்டு இன்னும் இரண்டு விரல் நீளமாகவே இருந்தது. அப்பா பட்டறையிலிருந்து வந்து கை கழுவக்கூட இல்லை, குனிந்து பார்த்தார். "இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த? இந்தக் கூடு தேவையா உனக்கு?" என்றார். தேவையில்லை, ரிப்பேர் கடையில் வாங்கியிருக்கும் டிஸ்க் போர்டிலேயே செருகுகிற வகை என்றேன். "வாயைத் திறந்து கேட்டிருந்தா ஏப்ரல்லயே அறுத்திருப்பேன்ல." பாகங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, கேபினெட்டைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அறுத்துவிட்டு வந்தார். ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்திருந்தார், என் கை கிழிந்துவிடாமல் இருக்க. கேபினெட்டும் இரும்புதான், அப்பா இரும்பு வேலைக்காரர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் புரியவில்லை என்று எழுதவில்லை. நான் பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் கேட்கவில்லை. நம் வீட்டு வியாதி போலிருக்கிறது.

அந்தக் கடையிலேயே பழைய மானிட்டரும் கீபோர்டும் வாங்கி, நான்கு வரைபடமும் இருபத்தெட்டாம் தேதி அனுப்பினேன். மூன்று திரும்பி வந்தன, திருத்தச் சொல்லி. ஒன்று திரும்பி வரவில்லை. மேற்பார்வை அம்மா, "திருத்தம் எல்லாருக்கும்தான் வரும், வேலையைப் பாருங்க" என்று பதில் போட்டிருக்கிறார். நேற்று முதல் வேலை வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தின் மாடிப்படி. பிஸ்கட் கிடங்கில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாளாம். அவளுக்கு முழங்கால் வலிக்காமல் இருக்க வேண்டும்.

உங்கள் முழங்காலுக்கு அம்மா அந்தத் தைலத்தையே திருப்பி அனுப்புகிறாள். "நின்னுட்டே இருப்பா போல" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள்,
ஊமைக்கோட்டான்

பி.கு.: இதைக் கேட்கத்தான் கடிதத்தையே ஆரம்பித்தேன், கடைசிவரை கை வரவில்லை. கேபினெட்டின் பக்கத்து மூடியை நான் இன்னும் மாட்டவில்லை. நான்கு திருகாணியையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தூசி படியும் என்று அப்பா திட்டுகிறார், ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறேன். உள்ளே எல்லாம் தெரிகிறது, சித்தி. குழி, ஊசி, வெட்டு, மேடு, நீங்கள் குலுக்கிப் பார்த்த எல்லாமே. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து பாருங்கள். பார்த்த பிறகு நீங்களே மூடிவிடுங்கள்.